புதுப்பிப்பு: ஓய்வுக்குப் பிறகு கார்ல் வான் ஃபிரிஷ்

உணவு இருக்குமிடத்தைக் கூட்டிலுள்ள மற்றவற்றுக்குச் சொல்லத் தேனீக்கள் ஆடும் நடனத்தை ஆராய்ந்த விலங்கியல் பேராசிரியர் கார்ல் வான் ஃபிரிஷ் பற்றி முன்பு எழுதியபோது, மியூனிக்கில் அவர் ஓய்வு பெற்ற 1958-ஓடு நிறுத்தியிருந்தேன். அப்புறம் என்ன ஆனது என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

ஆய்வை அவர் விடவில்லை. 1965-இல், எழுபத்தெட்டு வயதில், வாழ்நாள் சோதனைகளைத் தொகுத்துப் பெரிய நூலாக்கினார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. வட்டமாகச் சுற்றும் வட்ட நடனம் தேனுக்கு, உடலை ஆட்டியபடி நேர்கோட்டில் ஓடும் வாலாட்டு நடனம் மகரந்தத்துக்கு என்று 1920-களில் சொன்னவர், 1940-களில் உணவுத் தட்டுகளைத் தொலைவில் வைத்துப் பார்த்து, அதைத் தானே திருத்தினார். அருகே என்றால் வட்டம், தூரம் என்றால் வாலாட்டு. செங்குத்தாக நிற்கும் தேனடையில், செங்குத்துக் கோட்டிலிருந்து வாலாட்டு நடனம் சாயும் கோணம், சூரியன் இருக்கும் திசையிலிருந்து உணவு விலகியிருக்கும் கோணத்தைச் சொல்லும்.

1967 வாக்கில், தேனீக்கள் வாசனையை வைத்தே உணவைக் கண்டுபிடிக்கின்றன என்று சொல்லி, நடனம் வழிகாட்டுகிறது என்பதை அமெரிக்க உயிரியலாளர் அட்ரியன் வென்னர் மறுத்தார். வாசனைக்கும் பங்கு உண்டு, சரி. ஆனால் நடனத்தை ஒதுக்கிவிட முடியாது. 1973-இல், 86 வயதில், ஃபிரிஷுக்கு, விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த லோரென்ஸ், டின்பெர்கன் ஆகியோருடன் நோபல் பரிசு கிடைத்தது. நடனத்தைப் பின்பற்றிய தேனீக்கள் அது காட்டிய திசையில் பறந்ததை 2005-இல் ராடார் ஆய்வு பதிவு செய்தது.