பழைய காரைப் பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

வணக்கம். 14 ஆண்டுகள் ஓடிய என் பெட்ரோல் காரில் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினுக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) போய்விட்டது. கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்துகொண்டே வருகிறது. ஆயில் மூடியைத் திறந்தால் பால் கலந்த காப்பி நிறத்தில் பிசுக்கு. மெக்கானிக் சொல்லும் செலவு, வண்டியை விற்றால் கிடைக்கும் தொகையில் பாதிக்கு மேல். அதுவும் ஹெட்டைக் கழற்றி, வளைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் முழுக் கணக்கும் தெரியுமாம்.

கிளட்ச், கியர்பாக்ஸ் நன்றாக இருக்கின்றன. அடிப்பகுதியில் துரு இல்லை. புதிய கார் என்றால் மாதத் தவணை (அந்தச் சொல்லைக் கேட்டாலே வீட்டில் முகம் மாறுகிறது), கூடுதல் காப்பீடு.

ஹெட் கேஸ்கெட் மாற்றிய பிறகு 2, 3 ஆண்டுகள் தொல்லையின்றி ஓட்டியவர்கள் இருக்கிறீர்களா? கழற்றும் முன் வேறு எதையெல்லாம் சோதிக்கச் சொல்வது? பழகிய வண்டி என்ற பாசத்தை ஒதுக்கிவிட்டுச் சொல்லுங்கள். என்னால் அது முடியவில்லை.