மறு: [கலைச்சொல்] பின்பக்கம் ஒருபுறம் இறங்கிய வண்டியைச் சமமாக்குதல்

மிச்சிகன்காரன் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு காணொளிக்குத் துணைவரி எழுதித் தர வேண்டும், ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். 1968 டாட்ஜ் சார்ஜர், 440 மேக்னம் எஞ்சின். பின்னால் நின்று பார்த்தால் ஓட்டுநர் பக்கம், அதாவது அமெரிக்க வண்டியில் இடப்பக்கம், முக்கால் அங்குலம் தாழ்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்வதுதான் காணொளி முழுக்க.

வண்டியின் உடம்பைச் சக்கரங்கள் மேல் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு இருக்கிறதே, அந்த 'சஸ்பென்ஷன்' என்பதற்கு இயந்திர மொழிபெயர்ப்பு 'இடைநீக்கம்' என்று போட்டது. வண்டி ஏதோ லஞ்சம் வாங்கி மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது! அதை சஸ்பென்ஷன் என்றே விட்டுவிட்டேன். எனக்கு வேண்டியவை இரண்டு: ஒருபுறம் இறங்கி நிற்கும் நிலைக்கு ஒரு பெயர், அதைச் சமமாக்கும் வேலைக்கு ஒரு பெயர். இப்போதைக்கு 'பின்சாய்வு', 'பின்சாய்வு நீக்கல்'. திரையில் இரண்டு வரிக்கு மேல் ஓடக்கூடாது, அதை மனத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

புலவர் ஐயா எழுதியது:

பின்சாய்வு என்றால் பின்னோக்கிச் சாய்தல் என்றுதான் பொருள்படும். பக்கவாட்டுச் சாய்வுக்கு வள்ளுவரே சொல் வைத்திருக்கிறார்: 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை'. ஆகவே 'ஒருபாற்கோட்டம்'. கோடு என்பதன் அடிக்கருத்தே வளைவு. யானைத் தந்தமும் கோடு, குளக்கரையும் கோடு, கோணலும் கோட்டையும் அதன் வழியே வந்தவை. அடுத்த குறளில் கோட்டத்துக்கு எதிராகச் 'செப்பம்' வருகிறது, எனவே திருத்தும் வேலைக்கு 'கோட்டச்செப்பம்'. இரண்டு குறளில் இரண்டு சொல்லும் கிடைத்துவிட்டன.

நாமக்கல் பட்டறை எழுதியது:

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. கோட்டம் என்றால் எங்களுக்கு மின்வாரியக் கோட்டம்தான். கோட்டச்செப்பம் என்று திரையில் வந்தால் செயற்பொறியாளர் வரப்போகிறார் என்று நினைப்பார்கள்.

லாரிக்கு நாங்கள் சொல்வது 'வண்டி ஒரு பக்கம் உட்கார்ந்துடுச்சு'. பட்டை, அதாவது அடுக்கின வளைந்த ஸ்பிரிங் தகடு, தளர்ந்து உட்கார்ந்துவிட்டால் கழற்றி, வளைவு ஏற்றி, திரும்ப மாட்டுவோம், இல்லை ஒரு பட்டை கூடப் போடுவோம். அந்த சார்ஜருக்கும் பின்னால் பட்டைதானே தம்பி? அப்போ 'உட்கார்வு', 'லெவலாக்கல்'. பாமரனுக்கும் புரியும்.

புலவர் ஐயா எழுதியது:

லெவல் எதற்கு? கொத்தனார் கையில் 'மட்டம்' இருக்கிறதே. மட்டு என்றால் அளவு.

மிச்சிகன்காரன் எழுதியது:

ஐயா, மட்டத்தைப் பார்த்தேன். 'மட்டம் தட்டல்' என்றால் ஆளை இழிவுபடுத்துவது, 'மட்டம் பார்த்தல்' அளப்பதோடு நின்றுவிடுகிறது, 'மட்டப்படுத்தல்' என்று எழுதினால் 'மட்டுப்படுத்தல்' என்று படிக்கிறார்கள்.

அண்ணே, பின்னால் பட்டைதான். ஆனால் 'உட்கார்வு' என்றதும் பழி நேரே பட்டை மேல் விழுகிறது, காணொளியின் கருத்தே அதற்கு எதிரானது. டாட்ஜைச் செய்த கிறைஸ்லரின் அந்தக் காலத்து வண்டிகளில், 1957 முதல், முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் கிடையாது, அதற்குப் பதில் நீளவாக்கில் முறுக்குத் தண்டு, அதாவது முறுக்கினால் ஸ்பிரிங் போல எதிர்த்துத் தாங்கும் கம்பி. இடது தண்டும் வலது தண்டும் ஒரே அளவில் முறுக்கி வைக்கப்படவில்லை என்றால் உடம்பு மூலைக்கு மூலை சாய்கிறது, பார்க்கிறவன் கண்ணுக்குப் பின்னால் பட்டை போன மாதிரி தெரிகிறது. அதனால் முதலில் சமதரை, நான்கு டயரிலும் சரியான காற்று. அப்புறம் முன் குறுக்குச் சட்டத்தின் நட்ட நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள். முன்பக்கம் ஒற்றைப் புள்ளியில் நிற்கும்போது பின்பக்கம் தானாகச் சமமானால் குற்றம் முன்னால். அப்போதும் சாய்ந்தே இருந்தால்தான் பட்டையைத் தொட வேண்டும். அப்போதும் புதுப் பட்டை வாங்க ஓடாமல், இடதையும் வலதையும் மாற்றி மாட்டிப் பார்க்கிறார்கள். சாய்வும் கூடவே மாறினால் பட்டை, மாறாவிட்டால் வேறெங்கோ.

ஆகவே எனக்கு வேண்டிய சொல் நோயைச் சொல்ல வேண்டும், காரணத்தைச் சொல்லக் கூடாது.

நாமக்கல் பட்டறை எழுதியது:

பட்டை முனையில் இருக்கும் கண்ணுக்குள்ளே ரப்பர் புஷ் இருக்குமே, அதைப் பார்த்தார்களா? வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே பட்டைக் கண்ணின் போல்ட்டை இறுக்கிவிட்டால், கீழே இறக்கினதும் புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டு வண்டியை முழுசா இறங்கவிடாது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முறுக்காது, அதுவே சாய்வு. எடை சக்கரத்தின் மேல் உட்கார்ந்த பிறகுதான் கடைசி இறுக்கு.

யாழ்ப்பாணத்து அண்ணர் எழுதியது:

பட்டை என்று எழுதினால் நெற்றியில் பூசும் பட்டையா, மரப்பட்டையா? நாங்கள் பள்ளிக்கூடத்தில் ஸ்பிரிங்கை வில் என்றுதான் படித்தனாங்கள், விற்றராசு என்று தராசே இருக்கு. பட்டைவில் என்று எழுதும், பிரச்சினை தீரும்.

கேட்ட சொல்லுக்கு என் விடை 'ஒருக்களிப்பு'. ஒரு பக்கமாகப் படுப்பதை ஒருக்களித்துப் படுத்தல் என்கிறோம். இன்னொன்று, சாய்வு எப்போதும் கோளாறு அல்ல. நேர்கோட்டில் சீறிப் பாயும் டிராக் பந்தயத்துக்காக, கிறைஸ்லரின் உதிரிப்பாகப் பிரிவான மோப்பர் விற்ற சூப்பர் ஸ்டாக் விற்களில் இடதும் வலதும் வேறு வேறு. முடுக்கும்போது எஞ்சின் முறுக்கு வலப் பின்சக்கரத்தின் பாரத்தைக் குறைக்கும், அதை ஈடுகட்ட வலப்பக்க வில்லை வலுவாகச் செய்தார்கள். சும்மா நிற்கும்போது வலது தூக்கலாகத்தான் நிற்கும். செப்பம், திருத்தம் என்று பெயர் வைத்தால் அவர்களையும் குற்றவாளி ஆக்குகிறீர்.

நாமக்கல் பட்டறை எழுதியது:

ஒருக்களிப்பு அழகுதான், வண்டி தூங்குகிற மாதிரி இருக்கு. சரி, நீங்கள் சண்டை போடாமல் இருக்க ஒன்று: சைக்கிள் ரிம்முக்கு பெண்டு எடுக்கிறோம் இல்லையா, அதுபோல 'சாய்வெடுத்தல்'. நிலைக்குப் 'பக்கச்சாய்வு'. முன்னால் என்றும் இல்லை, பின்னால் என்றும் இல்லை.

புலவர் ஐயா எழுதியது:

தவறு. ஓட்டமெடுத்தல், வாந்தியெடுத்தல் போலச் சாய்வெடுத்தல் என்றால் சாயத் தொடங்குதல்.

நாமக்கல் பட்டறை எழுதியது:

களையெடுத்தல் என்றால் களை முளைக்கத் தொடங்குதலா ஐயா?

யாழ்ப்பாணத்து அண்ணர் எழுதியது:

பொருள் இருக்கட்டும், புணர்ச்சியைப் பாருங்கோ. 'சாய்வு' குற்றியலுகரம் அல்ல, வல்லினத்தில் ஏறவில்லை. உகரம் எப்படிக் கெட்டது?

புலவர் ஐயா எழுதியது:

'முற்றும் அற்று ஒரோவழி', அதாவது முற்றியலுகரமும் சில இடங்களில் அப்படியே கெடும் என்று நன்னூலார் இடம் கொடுத்திருக்கிறார். கதவு + அழகு = கதவழகு. புணர்ச்சியில் குறையில்லை, பொருளில்தான். வகர உகரம் பற்றித் தனி இழையில் விரிவாக எழுதுகிறேன்.

மிச்சிகன்காரன் எழுதியது:

தனி இழையிலேயே எழுதுங்கள் ஐயா, தயவுசெய்து. இங்கே விடிந்தால் வெள்ளி. தனிமடலில் கருத்துச் சொன்னவர்களையும் சேர்த்தால் 'பக்கச்சாய்வு', 'சாய்வெடுத்தல்' பக்கம்தான் ஆள் அதிகம். அவையே போகின்றன. பட்டைவில் எனக்குப் பிடித்திருக்கிறது, முதல் தடவை வரும் இடத்தில் பட்டைவில் என்றும் பிறகு பட்டை என்றும் போடுகிறேன். சூப்பர் ஸ்டாக் வில்லுக்குச் 'சாய்வெடுத்தல்' வராதபடி அந்த வரியை மாற்றி எழுதிவிட்டேன்.

புலவர் ஐயா எழுதியது:

எடுத்தலை நான் ஏற்கவில்லை. நீக்கல் என்று போடுவதானால் உதவியோர் பட்டியலில் என் பெயர் இருக்கட்டும், எடுத்தல் என்றால் எடுத்துவிடுங்கள்.

நாமக்கல் பட்டறை எழுதியது:

பெயரை எடுக்கச் சொல்வதற்கு மட்டும் 'எடு' சரியாக வருகிறது பாருங்கள்.