தொடக்கநிலை 4 ஒளிப் பாடம்: கண்ணாடியில் பட்ட கதிர் தாளில் தெரியவில்லை, கோணமும் பொருந்தவில்லை

தெம்பனிஸ் வாசகி:

வணக்கம். தொடக்கநிலை 4 பிள்ளைகள் ஆறு பேருக்குச் சனிக்கிழமை ஒளியைச் செய்துகாட்ட வேண்டும். மூன்று அட்டைச் சோதனை ஒழுங்காக வருகிறது. மூன்றிலும் ஒரே உயரத்தில் 5 மிமீ துளை. நூலைக் கோத்து இழுத்து நேராக்கிவிட்டு உருவிவிடுகிறேன். நடு அட்டையை 1 செமீ நகர்த்தினால் வெளிச்சம் மறைகிறது.

அடுத்த கட்டத்தில்தான் சிக்கல். காலணிப் பெட்டியில் 2 மிமீ பிளவு வெட்டி, பிளவுக்கு 5 செமீ பின்னால் டார்ச் லைட் வைத்தேன். கண்ணாடி வரை மங்கலாக ஒரு பட்டை தெரிகிறது. பட்டுத் திரும்பிய கதிரைத் தாளில் காணோம். தெரிந்த ஒரே தடவையும் படுகோணம் 40 பாகை, எதிரொளிப்புக் கோணம் 47 பாகை; இரண்டும் சமமாக வர வேண்டுமே.

இன்னொன்று: படம் வரையச் சொன்னால் பாதிப் பேர் அம்புக்குறியைக் கண்ணிலிருந்து பொருளுக்குப் போடுகிறார்கள். எப்படித் திருத்துவது?

கோணமானி:

முதலில் டார்ச்சை மாற்றுங்கள். பல குட்டி எல்இடி உள்ள டார்ச்சில் ஒவ்வொரு எல்இடியும் பிளவு வழியே தனிக் கதிர் அனுப்பும். எல்லாம் கலந்து மங்கல் பட்டையாகிவிடும். ஒற்றை எல்இடி உள்ள கைப்பேசி விளக்கே மேல். அதைப் பிளவுக்கு 30 செமீ பின்னால் வையுங்கள். 5 செமீ தூரத்தில் வைத்தால், பிளவைத் தாண்டி 30 செமீ போவதற்குள் 2 மிமீ கதிர் 14 மிமீ அகலமாகிவிடும். 30 செமீ தள்ளி வைத்தால் அதே இடத்தில் 4 மிமீதான்.

விளக்கு மேசையிலிருந்து 2 செமீ உயரத்தில் இருக்கட்டும். பிளவு பெட்டியின் அடிவரை வெட்டியிருக்க வேண்டும்; அடியில் அட்டை மிச்சமிருந்தால் அதன் நிழல் தாளில் விழுந்து கதிரை மறைக்கும்.

திரும்பிய கதிர் காணாமல் போவதற்குக் கண்ணாடியின் சாய்வே காரணமாக இருக்கும். ஒளி தாளை உரசிக்கொண்டு இரண்டு மூன்று பாகை இறக்கத்தில்தான் வருகிறது. கண்ணாடி 2 பாகை பின்னால் சாய்ந்தாலே கதிர் 4 பாகை மேலே திரும்பிவிடும், தாளைத் தொடவே தொடாது. கண்ணாடியின் பின்புறம் ஒரு மரக்கட்டையைச் செங்குத்தாக வைத்து ரப்பர் பேண்டால் கட்டுங்கள். ப்ளூ டேக் (பிசைந்து ஒட்டும் பசை) மட்டும் போதாது, மெல்லச் சாயும்.

40க்கும் 47க்கும் வருவோம். கண்ணாடி, அதை வைக்கத் தாளில் வரைந்த கோட்டிலிருந்து 3.5 பாகை திரும்பியிருந்தாலே இந்த 7 பாகை வித்தியாசம் வந்துவிடும். 7 செமீ கண்ணாடியில் ஒரு முனை 4 மிமீ நகர்ந்தால் போதும், ஒரு பிள்ளையின் முழங்கை பட்டாலே நகரும். ஒவ்வொரு அளவுக்கும் முன்பு கோட்டைச் சரிபாருங்கள்.

வெள்ளிப் பூச்சு கண்ணாடியின் பின்பக்கத்தில் இருப்பதால், பின்விளிம்பைத்தான் கோட்டில் வைக்க வேண்டும். 3 மிமீ தடிமனில், 45 பாகையில் படும் கதிர் நுழையும் இடத்துக்கும் வெளிவரும் இடத்துக்கும் சுமார் 3 மிமீ இடைவெளி விழும். ஒவ்வொரு கதிரிலும் தள்ளித் தள்ளி இரண்டு புள்ளிகள் வைத்து, அவற்றைக் கோடாக நீட்டச் சொல்லுங்கள். கண்ணாடியின் முன்பரப்பில் ஒரே புள்ளிக்கு இழுத்துச் சேர்த்தால் கோணம் கெடும். அளப்பது கண்ணாடிக்குச் செங்குத்தாகத் தாளில் வரையும் கோட்டிலிருந்து, கண்ணாடியிலிருந்து அல்ல. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

பழைய ஆசிரியை:

அம்புக்குறி விஷயத்தைச் சிறிய தவறாக எண்ணாதீர்கள். கண்ணிலிருந்து கதிர் புறப்படுகிறது என்று யூக்ளிட்டே கணக்குப் போட்டார். 11ஆம் நூற்றாண்டில் இப்னு அல்-ஹைதம்தான் ஒளி கண்ணுக்குள் வருகிறது என்று வலுவாக வாதிட்டார். பிள்ளைகள் அந்த வழியைக் கையால் தடுத்துப் பார்த்தால்தான் நம்புவார்கள்.

வீட்டில் பாம் ஷெல்டர் (ஜன்னலில்லாத காப்பறை) இருந்தால் அதைவிட நல்ல இருட்டறை கிடையாது. கதவை முழுக்கப் பூட்டாமல் கறுப்புத் துணி தொங்கவிடுங்கள். ஒரு விளக்கு, ஒரு ஆரஞ்சுப் பழம், ஒரு பிள்ளை. விளக்குக்கும் பழத்துக்கும் நடுவே அட்டையைப் பிடித்தால் பழம் இருளும். பழத்துக்கும் கண்ணுக்கும் நடுவே பிடித்தால் பழம் மறையும். விளக்குக்கும் கண்ணுக்கும் நடுவே பிடித்தால்? பழம் இன்னும் நன்றாகவே தெரியும்! எந்த இரண்டு வழிகள் தேவை என்று அவர்களே சொல்வார்கள். அந்த இரண்டுக்கும் அம்பு போடச் சொல்லுங்கள்: விளக்கிலிருந்து பழத்துக்கு, பழத்திலிருந்து கண்ணுக்கு.

“கண் பழகினால் இருட்டிலும் தெரியும்” என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். மூடிய பெட்டியில் 1 செமீ துளை வழியாக ஐந்து நிமிடம் பார்க்கவிடுங்கள். மூடியின் இடுக்கெல்லாம் கறுப்பு டேப் ஒட்டியிருக்க வேண்டும். துளி வெளிச்சம் கசிந்தாலும் அந்தப் பிள்ளை சொன்னதே சரியென்று ஆகிவிடும்.

கண்ணாடி மட்டுமே எதிரொளிக்கும் என்ற எண்ணத்தையும் உடைக்க வேண்டும். வெள்ளைச் சுவரை ஒட்டிச் சிவப்பு அட்டையைச் செங்குத்தாகப் பிடித்து, அட்டையின் மேல் மட்டும் டார்ச் அடியுங்கள். சுவரில் சிவப்புச் சாயல் விழும். அட்டை அனுப்பிய ஒளிதான் அது.

வெயில்நிழல்:

சனிக்கிழமை வெயில் இருந்தால் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே, வெயில் படும் இடத்தில் 30 செமீ குச்சியை நட்டு நிழலையும் அளக்கவிடுங்கள். நண்பகல் 12 மணிக்கு நிழல் மிகக் குறுகும் என்று பிள்ளைகள் எதிர்பார்ப்பார்கள். சிங்கப்பூரில் அது ஏறக்குறைய 1 மணிக்குத்தான், ஏனென்றால் நம் கடிகாரம் தீர்க்கரேகைப்படி இருக்க வேண்டியதைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. ஜூன் மாதக் கடைசியில் அப்போது நிழல் தெற்கே சுமார் 12 செமீ விழும்; டிசம்பர் கடைசியில் வடக்கே 14 செமீ. மார்ச், செப்டம்பர் கடைசி வாரங்களில் நிழல் அநேகமாகக் குச்சியின் காலடியில் ஒடுங்கிவிடும், அளக்க ஒன்றும் இருக்காது.

தெம்பனிஸ் வாசகி:

கோணமானி அண்ணா, மரக்கட்டை கட்டியதும் கதிர் தாளில் வந்துவிட்டது. இப்போது 40க்கு 41. இந்த 1 பாகை?

கோணமானி:

4 மிமீ அகலக் கதிரில் அது இருக்கத்தான் செய்யும். இரண்டு கதிரிலும் நடுவிலேயே புள்ளி வைக்கச் சொல்லுங்கள், ஓரத்தில் வேண்டாம். 30, 45, 60 மூன்றிலும் எடுத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே பக்கமாக 1 பாகை கூடினால் கண்ணாடி இன்னும் அரை பாகை திரும்பியிருக்கிறது.