7 மாதக் குழந்தைக்குக் கார் சீட் கட்டாயமா?

கோவை_அப்பா:
பொங்கலுக்குக் காரில் தென்காசி போகிறோம். பாப்பாவுக்கு 7 மாதம், 8 கிலோ. "மடியில் வெச்சுக்கறேன், அதைவிடப் பத்திரம் எது?" என்கிறார் அத்தை. வண்டி 2014 மாடல், குழந்தை சீட்டை நேரடியாக வண்டியோடு பூட்டுகிற ஐசோஃபிக்ஸ் கொக்கி இல்லை. சட்டம் என்ன சொல்கிறது? சாதாரண பெல்ட்டில் சீட்டை மாட்ட முடியுமா?

திருச்சி_மணி:
கட்டாயம்தான் தம்பி. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் வந்த 194பி பிரிவு. 14 வயது நிரம்பாத பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ போடாமல் ஏற்றிப்போனால் 1,000 ரூபாய் அபராதம்.

ஆனால் அத்தையிடம் சட்டம் எடுபடாது, கணக்கைச் சொல்லுங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதி, அரை மீட்டருக்குள் நின்றால் உடம்பு ஏறத்தாழ 20 மடங்கு கனக்கும். உங்கள் பாப்பா அந்த நொடியில் 160 கிலோ. எவ்வளவு பாசம் இருந்தாலும் கை தாங்காது.

கார் சீட் பொருத்துவதுதான் என் தொழில். பெல்ட்டில் மாட்டுகிற மாடல்கள் கிடைக்கின்றன. பின்சீட்டில், பாப்பா முகம் வண்டியின் பின்பக்கம் பார்க்கிற மாதிரி வையுங்கள். இந்த வயதில் தலை கனம், கழுத்து இளசு. மோதும்போது முதுகு முழுக்கச் சீட்டில் அழுந்தினால்தான் கழுத்து தப்பிக்கும். குழந்தை சீட்டுகளுக்கான ஐரோப்பாவின் ஆர்129 விதியில் 15 மாதம் வரை இப்படித்தான் வைக்க வேண்டும். ஏர்பேக் உள்ள முன்சீட்டில் இப்படி வைக்கவே கூடாது.

அப்புறம், நம்மூர் வண்டிகளில் பின்சீட் பெல்ட்டைப் பூட்டுகிற பக்கிள் பெரும்பாலும் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். கவரை வெட்டியாவது வெளியே எடுங்கள். மாட்டியதும் பெல்ட் போகிற இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் அசைந்தால் அவிழ்த்து மறுபடி இறுக்குங்கள்.

மதுரை_மீனா:
அழுகிறாள் என்று ஓடுகிற வண்டியில் மட்டும் தூக்கிவிடாதீர்கள். எப்படியும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, சீட்டிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருங்கள்.

கோவை_அப்பா:
நன்றி அண்ணா, நன்றி அக்கா. அத்தையிடம் 160 கிலோ கணக்கைச் சொன்னேன், ஒன்றும் பேசவில்லை. ஊரில் தாத்தா பாப்பாவை ஸ்கூட்டரில் கூட்டிப்போவேன் என்பார். அதற்கும் விதி இருக்கிறதா?

திருச்சி_மணி:
இருக்கிறது. 2023 பிப்ரவரியிலிருந்து 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள பிள்ளைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுநரோடு சேர்த்துக் கட்டுகிற பட்டையும் வேண்டும்; வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. உங்கள் பாப்பாவுக்கு 9 மாதமே ஆகவில்லை. தலைக்குப் பொருந்துகிற ஹெல்மெட்டும் கிடைக்காது. ஸ்கூட்டர் வேண்டாம் என்று தாத்தாவிடம் இப்போதே பேசிவிடுங்கள்.