ஆங்கிலத்தில் ‘ஹேட்’ (had) எங்கே வரும், எங்கே வராது?

கேள்வி:
வணக்கம். அலுவலக மெயிலில் முடிந்துபோன விஷயத்தை எழுதும்போதெல்லாம் குழப்பம். "யெஸ்டர்டே ஐ ஹேட் சென்ட் த ஃபைல்" என்று எழுதினேன், மேலாளர் ‘ஹேட்’டை அடித்துவிட்டார். சரி என்று அடுத்ததில் "வென் ஐ ரீச்ட் த சைட், த கிளையன்ட் லெஃப்ட்" என்று எழுதினால், அங்கே ‘ஹேட்’ சேர்க்கச் சொல்கிறார். இரண்டுமே கடந்த காலம்தானே? எதை வைத்து முடிவு செய்வது?

பதில் 1:
இரண்டு திருத்தமும் சரிதான். ‘ஹேட்’ சேர்ந்து வரும் வினை வடிவமான பாஸ்ட் பெர்ஃபெக்ட் என்பது ‘எப்போதோ நடந்தது’ என்று சொல்வதற்கு இல்லை. கடந்த காலத்து நிகழ்வு ஒன்றைப் பேசும்போது, அதற்கும் முன்பே முடிந்ததைச் சொல்லத்தான் அது. முதல் வாக்கியத்தில் ஃபைல் அனுப்பியது மட்டும்தான் இருக்கிறது. எதற்கு முன்னால் அனுப்பினீர்கள்? அது இல்லாததால் வெறும் ‘சென்ட்’ போதும். "ஹி கால்ட் அட் ஃபைவ், பட் ஐ ஹேட் ஆல்ரெடி சென்ட் த ஃபைல்" என்றால் ஹேட் பொருந்தும்.

இரண்டாவதில் ‘லெஃப்ட்’ என்று விட்டால், நீங்கள் வந்ததும் அவர் கிளம்பியதாக அர்த்தமாகிவிடும். ‘ஹேட் லெஃப்ட்’ என்றால் நீங்கள் வரும்போதே அவர் அங்கே இல்லை.

தமிழில் "நேற்று அனுப்பியிருந்தேன்" என்று தனியாகச் சொன்னாலும் உறுத்தாது. அந்தப் பழக்கத்தில்தான் ஆங்கிலத்திலும் ஹேட் வந்து ஒட்டிக்கொள்கிறது.

பதில் 2:
ஓர் உதாரணம். தென் துருவத்தை நார்வே நாட்டுப் பயணி அமுண்ட்சென் 1911 டிசம்பர் 14 அன்று அடைந்தார், பிரிட்டிஷ் பயணி ஸ்காட் 1912 ஜனவரி 17 அன்று. நடந்த வரிசையிலேயே எழுதினால் இரண்டுக்கும் ‘ரீச்ட்’ போதும். ஸ்காட்டிடமிருந்து தொடங்கினால்தான் பின்னே போக வேண்டியிருக்கிறது: "வென் ஸ்காட் ரீச்ட் த போல், அமுண்ட்சென் ஹேட் ஆல்ரெடி பீன் தேர்." இதையே ‘வாஸ் தேர்’ என்று எழுதிப் பாருங்கள், ஸ்காட் போனபோது அவர் அங்கேயே இருந்ததாக ஆகிவிடும். உண்மையில் அவர் விட்டுப்போன கூடாரமும் நார்வே கொடியும்தான் அங்கே இருந்தன.

கேட்டவர்:
இது நன்றாகப் புரிகிறது, நன்றி. ‘ஆஃப்டர்’, ‘பிஃபோர்’ வந்தால் கட்டாயம் ஹேட் வேண்டுமா?

பதில் 1:
கட்டாயமில்லை. வரிசையை அந்தச் சொற்களே சொல்லிவிடுகின்றன: "ஆஃப்டர் த ரெயின் ஸ்டாப்ட், வி லெஃப்ட்." ‘ஹேட் ஸ்டாப்ட்’ என்றாலும் தவறில்லை. போட்டித் தேர்வு என்றால் ஹேட் போட்டே எழுதுங்கள், பெரும்பாலும் அந்த விடையைத்தான் எதிர்பார்ப்பார்கள். அப்புறம், இரண்டு வினைக்கும் ஹேட் போட்டுவிடாதீர்கள். "வென் ஐ ஹேட் ரீச்ட், ஹி ஹேட் லெஃப்ட்" என்று எழுதினால் எது முதலில் நடந்தது என்பதே தெரியாமல் போய்விடும்.