புரொடெக்டரேட், அனெக்சேஷன்: கொரிய உடன்படிக்கைகளுக்குச் சொல் தேவை

அன்புள்ள குழுவினருக்கு,

ஜப்பான்–கொரிய உடன்படிக்கைகளைத் தமிழாக்குவோர் 1905க்கும் 1910க்கும் ஒரே 'இணைப்பு' என்ற சொல்லைப் போட்டுவிடுகிறார்கள். 1905 நவம்பர் 17 உடன்படிக்கையால் கொரியாவின் வெளியுறவு மட்டும் தோக்கியோவின் கைக்குப் போனது. கொரியப் பேரரசர் கோஜோங் அரியணையில்தான் இருந்தார். இந்த நிலைதான் புரொடெக்டரேட். 1907 ஜூலை 24இல் உள்நாட்டு நிர்வாகமும் போயிற்று. ஆகஸ்டு 1 முதல் கொரியப் படையைக் கலைத்தார்கள். 1910 ஆகஸ்டு 22இல் கையெழுத்தாகி 29இல் அறிவிக்கப்பட்டதுதான் அனெக்சேஷன். அதற்குப்பின் கொரியா என்ற அரசே இல்லை.

1905 நிலைக்குக் 'காப்புநாடு', 1910க்குச் 'சேர்த்துக்கொள்ளல்' என்பவை என் முன்மொழிவு. 'பாதுகாப்பு நாடு' வேண்டாம், ஐ.நா. பாதுகாப்பு அவைதான் நினைவுக்கு வரும்.

---

> 1910க்குச் 'சேர்த்துக்கொள்ளல்'

'காப்புநாடு' சரி. 'சேர்த்துக்கொள்ளல்' என்பதை ஏற்க முடியவில்லை. 'கொள்' துணைவினை, தனக்காகச் செய்ததைக் காட்டுகிறது, உண்மை. ஆனால் 'என்னையும் ஆட்டத்துல சேர்த்துக்கோ' என்றுதான் காதில் விழுகிறது!

ஜப்பானியருக்கும் இதே சிக்கல் இருந்தது. 1909இல் வெளியுறவு அமைச்சக அதிகாரி குராச்சி தெட்சுகிச்சி அனெக்சேஷனுக்கு 'ஹெய்கோ' என்ற சொல்லைப் பிடித்தார். 'கப்போ' என்றால் இரு நாடுகள் சமமாகக் கூடியதாகிவிடும். 'ஹெய்டோன்' என்றால் விழுங்கியது பட்டவர்த்தனமாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவே, நாடு ஒழிந்ததைச் சொல்ல வேண்டும், கடுமையும் தெரியக்கூடாது. மூலமே மழுப்பும்போது உடன்படிக்கை வாசகத்தின் பெயர்ப்பும் மழுப்பத்தான் வேண்டும். 'நாட்டிணைப்பு' போதும். 'நாட்டிணைவு' கூடாது; தன்வினை, 'கப்போ' பக்கம் சாய்ந்துவிடும். ஆசிரியர் தம் கூற்றாக எழுதும் இடத்தில் 'வல்லிணைப்பு' என்று தாராளமாக எழுதலாம்.

---

'நாட்டிணைப்பு', 'வல்லிணைப்பு' இரண்டையும் ஏற்கிறேன். இன்னொரு பிழையும் அடிக்கடி கண்ணில் படுகிறது: ஜப்பானிய அரசியல் தலைவர் இட்டோ ஹிரோபூமியைத் 'தலைமை ஆளுநர்' என்பது. காப்புநாட்டுக் காலத்தில் சியோலில் அவர் வகித்த பதவி கொரிய மொழியில் 'தொங்கம்'. தஞ்சாவூர் அரண்மனைக்குக் கும்பினி ரெசிடெண்ட் இருந்ததுபோல, பெயருக்கேனும் ஓர் அரசவை அருகில் இருந்தது. 'தலைமை ரெசிடெண்ட்' என்றே வைக்கலாம். 1910இல் ஜப்பானின் தெராவுச்சி ஏற்றதுதான் 'சொங்தோக்', தலைமை ஆளுநர் பதவி.

இதைவிடக் கவனம் வேண்டிய இடம் ஜப்பானும் தென்கொரியாவும் செய்த 1965 ஜூன் 22 அடிப்படை உறவு உடன்படிக்கையின் 2ஆம் பிரிவு. 1910 ஆகஸ்டு 22 வரை செய்த உடன்படிக்கைகள் செல்லாதவை என்கிறது. எப்போதிலிருந்து என்பதில்தான் சண்டை. 'செல்லாதவையாகிவிட்டன' என்று எழுதினால் ஒருகாலத்தில் செல்லுபடியாயின என்ற ஜப்பானின் வாதம் நுழைந்துவிடும். 'தொடக்கம் முதலே செல்லாதவை' கொரியத் தரப்பு. 'ஏற்கெனவே செல்லாதவை' என்றால் இரண்டுக்கும் இடம் உண்டு. 'ஆகி' சேர்க்காதீர்கள்.