ஏரியூர் பக்கம் டயாலிசிஸ், பிசியோதெரபி நோயாளிகளுக்கு வண்டி ஓட்டினால் கட்டுபடியாகுமா?

ஏரியூர்க்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். ஓசூரில் கம்பெனி கேப் ஓட்டிக்கொண்டிருந்தேன், இப்போது ஊரோடு வந்துவிட்டேன். ஒரு மாருதி ஈகோ வேன் வாங்கும் அளவுக்குப் பணம் இருக்கிறது. டாக்சிக்கு இங்கே ஏற்கெனவே ஆள் அதிகம், அதனால் வேறு ஒன்று யோசிக்கிறேன். ஏரியூர், நாகமரை, பென்னாகரம் என்று எங்கள் பக்கத்தில் டயாலிசிஸுக்கும் பிசியோதெரபிக்கும் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு மாற்றவும் தர்மபுரி ஜி.எச்.க்குப் போய் வர வேண்டியவர்கள் நிறைய. 108 உயிர் போகிற அவசரத்துக்கு, அதை இதற்கெல்லாம் கூப்பிட முடியாது. 102 பிரசவமான தாயையும் குழந்தையையும் வீட்டில் கொண்டுவந்து விடுவதற்கு. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு ஒன்றும் இல்லை. பக்கவாதம் வந்த ஒரு பெரியவரை இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்து பஸ்ஸில் ஏற்றினார்கள், அவர் செருப்பு கீழேயே கிடந்தது, பஸ் நகர்ந்த பிறகுதான் யாரோ ஜன்னல் வழியாக வீசினார்கள். அதைப் பார்த்ததில் இருந்து இதே நினைப்பு.

என் கேள்விகள்: வெள்ளை போர்டு வண்டியில் ஆரம்பித்துப் பார்க்கலாமா? ஆம்புலன்ஸ் என்று எழுதிக்கொள்ளலாமா? வாடகையை எப்படி வைப்பது? கிலோமீட்டர் கணக்கு போட்டால் ஏழைபாழைகளால் கொடுக்க முடியாது, குறைத்தால் எனக்கு டியூ கட்ட வராது.

சும்மா_ஒரு_ஆள்:
ஆட்டோ, டாக்சி எல்லாம் எதற்கு இருக்கிறது? போன் பண்ணினால் வீட்டு வாசலுக்கு வருகிறான். இதற்குத் தனியாக ஒரு சர்வீஸா?

பாலக்கோடு_மருமகள்:
மேலே எழுதியவர் வீட்டில் யாருக்கும் டயாலிசிஸ் இல்லை என்று நினைக்கிறேன், இல்லாமலேயே இருக்கட்டும்.

தம்பி, என் மாமனாருக்கு வாரத்தில் மூன்று நாள். விடியற்காலையில் கிளம்ப வேண்டும், மெஷினில் நாலு மணி நேரம், போடவும் எடுக்கவும் காத்திருக்கவும் சேர்த்தால் வீடு வரும்போது மத்தியானம் தாண்டிவிடும். சிகிச்சைக்குக் காசு கட்ட வேண்டியதில்லை, முதலமைச்சர் காப்பீட்டில் நடக்கிறது. டவுன் பஸ்ஸில் எனக்கும் டிக்கெட் கிடையாது. ஆனால் மெஷினில் இருந்து இறங்கிய மனிதரால் அந்தப் படியில் ஏற முடியாது, அப்புறம் இலவசத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது. ஆட்டோக்காரர் வருவார், மறுக்கவில்லை. வாசலில் நின்று ஹாரன் அடிப்பார். கட்டிலில் இருந்து வாசல் வரைக்கும் கூட்டி வருவது யார்?

நீங்கள் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்றே யோசிக்கிறீர்கள். எங்கள் வீட்டில் கணக்கு வேறு. நான் தக்காளி மண்டியில் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறவள், மாமனாரோடு போகிற அன்றைக்கெல்லாம் என் கூலி போச்சு. வாரத்தில் மூன்று நாள் வராத ஆளை எந்த மண்டியில் வைத்துக்கொள்வார்கள்? வண்டி வாடகையை விட அதுதான் பெரிய செலவு. நான் கூட வராமலேயே இவரை நம்பி அனுப்பலாம், உள்ளே உட்கார வைத்து, முடிந்ததும் கூட்டி வந்து, கட்டிலில் படுக்க வைத்துவிட்டுப் போவார் என்று ஒரு ஆள் கிடைத்தால், என் கூலியில் பாதியைக் கொடுக்கிறேன். சில இடங்களில் துணைக்கு ஆள் இல்லாமல் சேர்க்க மாட்டார்கள், அதை மட்டும் அங்கே முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

மெஷின்_பக்கம்:
டயாலிசிஸ் டெக்னீஷியனாக இருக்கிறேன், எந்த ஊர் என்று வேண்டாம். அந்த அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தால், மழை, பஸ் ஸ்ட்ரைக், வீட்டில் விசேஷம், துணைக்கு ஆள் இல்லை என்று ஒரு முறை விட்டுவிடுவார்கள், அடுத்த முறை மூச்சு வாங்கிக்கொண்டு காலெல்லாம் வீங்கி வருவார்கள். உப்பும் நீரும் பொட்டாசியமும் உடம்பிலேயே தங்கிவிடுகிறது. பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுபோகலாம். இதில் மாம்பழ சீசன் வந்துவிட்டால் எங்கள் பாடு சொல்லவே வேண்டாம், கிருஷ்ணகிரிக்காரர்களிடம் மாம்பழம் தின்னாதே என்றால் யார் கேட்கிறார்கள்.

அண்ணா, வண்டி ஓட்டுவதற்கு முன்னால் தூக்கப் பழகுங்கள். இவர்களுக்கு ஒரு கையில் ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்டிருக்கும், தொட்டால் உள்ளே ஒரு அதிர்வு தெரியும். அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, பை மாட்டக் கூடாது, சீட் பெல்ட் அதை அழுத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முடிந்தவுடன் சடாரென்று எழுப்பாதீர்கள், பிரஷர் இறங்கித் தலை சுற்றி விழுவார்கள், காலைத் தொங்கப்போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள். வழியில் ஊசி குத்திய இடத்தில் ரத்தம் வந்தால் துணியை மேலே மேலே சுற்றிக்கொண்டே போகாமல், சுத்தமான பஞ்சுத் துணியை வைத்து அந்த இடத்திலேயே விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். நிற்கவில்லை என்றால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு 108, நீங்களே பறந்துபோய்ச் சேரலாம் என்று பார்க்காதீர்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்றாலும் அதேதான். எது உங்கள் வேலை இல்லை என்று முதல் நாளே வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்.

ஊத்தங்கரை_வண்டி:
நானும் சின்ன அளவில் இதே வேலை செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வெள்ளை போர்டு ஆசையை விடுங்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு ஓட்டி ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிடுவார்கள், உள்ளே இருப்பதோ நோயாளி. மஞ்சள் போர்டு, பர்மிட், எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எல்லாம் ஒழுங்காக இருக்கட்டும், முதல் எட்டு வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை எஃப்.சி., அப்புறம் வருஷா வருஷம். ஆம்புலன்ஸ் என்று எழுதுவதும் சுழல் விளக்கு வைப்பதும் ஆம்புலன்ஸாகவே பதிவான வண்டிக்குத்தான். ஏ.ஐ.எஸ். 125 என்கிற வாகனத் தர விதியில் ஆம்புலன்ஸை நாலு வகையாகப் பிரித்திருக்கிறார்கள், அதில் பி வகை அவசரம் இல்லாத நோயாளியைக் கொண்டுபோவதற்கு. ஸ்ட்ரெச்சர் நோயாளிகளும் வேண்டும் என்றால் பின்னால் அந்த வழிக்குப் போகலாம், ஆரம்பத்தில் உட்கார முடிந்தவர்கள் போதும். டிரைவர் ஒருவர் சேர்த்தால் தனி பேட்ஜ் பற்றிக் கவலை வேண்டாம், 7,500 கிலோவுக்குள் உள்ள வண்டிக்கு சாதாரண எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

வாடகைக்கு வருவோம். பென்னாகரத்தில் இருந்து தர்மபுரி 30 கிலோமீட்டர் என்று வையுங்கள். ஒருவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மறுபடி கூட்டப் போனால் 120 கிலோமீட்டர், அதில் பாதி காலி வண்டி. அங்கேயே காத்திருந்தால் 60. அதையே ஒரே ஷிஃப்டில் மூன்று பேரை வழியில் ஏற்றிக்கொண்டு போனால் தலைக்கு 20 கிலோமீட்டர் கணக்குதான் வருகிறது, ஏழை வீட்டுக்கும் தாங்கும். திங்கள் புதன் வெள்ளி ஒரு செட், செவ்வாய் வியாழன் சனி ஒரு செட் என்று அமைந்துவிட்டால் ஞாயிறு தவிர வண்டிக்கு ஓட்டம் நிச்சயம். காத்திருக்கும் நாலு மணி நேரத்தில் டவுனுக்குள்ளேயே பஸ் ஸ்டாண்டில் இருந்து ஜி.எச்., ஸ்கேன் சென்டர், பிசியோதெரபி என்று சின்னச் சின்ன ஓட்டம் எடுக்கலாம். வருமானம் அங்கேதான் ஒட்டுகிறது. மாதச் சந்தாவாக வாங்குங்கள், தினமும் கை நீட்டினால் இரு பக்கமும் சங்கடம்.

ஒரு எச்சரிக்கை. சில ஆஸ்பத்திரி வாசல்களில் வண்டிக்காரர்களுக்குள் எல்லை உண்டு. ஒரு இடத்தில் என் வண்டியை மறித்துக்கொண்டு, உள்ளே இருந்த பாட்டியை இறக்கவே விடவில்லை. போகும் முன்பே ஸ்டாண்டுக்காரர்களிடம் பேசிவிடுங்கள், அங்கே நிற்கும் ஆளுக்கு நாம் போட்டி இல்லை, தினம் வரும் ஆளைத்தான் கொண்டுவருகிறோம் என்று.

நோயாளிகளைத் தேடி நோட்டீஸ் அடிக்க வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் என்கிற அரசுத் திட்டம் நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது. அதில் வீடு வீடாகப் போகும் பெண் தன்னார்வலர்களுக்கு எந்த வீட்டில் யார் படுக்கையில் என்று அத்துப்படி. அவர்களிடம் உங்கள் நம்பரைக் கொடுங்கள், தேவைப்படும் வீட்டுக்காரர்கள் தாங்களே கூப்பிடுவார்கள்.

கிட்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரி, நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் ஆஸ்பத்திரி ஓட்டமும் வரும், இரண்டும் பெங்களூரில் ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. ஆனால் எல்லை தாண்ட ஆல் இந்தியா பர்மிட் வேண்டும், முதல் வருஷம் தொடாதீர்கள்.

டல்லாஸ்_காவேரிப்பட்டணம்:
இங்கே அமெரிக்காவில் இது பெரிய தொழில். மெடிகெய்ட் என்கிற ஏழைகளுக்கான அரசு காப்பீடு, வண்டி இல்லாதவர் டாக்டரிடம் போய் வரும் செலவையும் ஏற்கிறது. ஒரே ஒரு வேனோடு ஆரம்பித்த ஓனர்கள் ஏராளம். ஆனால் நடுவில் புரோக்கர் கம்பெனிகள், அவர்கள் வைத்ததுதான் ரேட். நோயாளிகளின் பெரிய புலம்பலே திரும்பும் வண்டி பற்றித்தான், காலையில் சரியாக வந்துவிடும், முடிந்து வெளியே வந்தால் மணிக்கணக்கில் உட்கார வைத்துவிடும். நம்ம ஊரில் காசு கொடுக்க அரசு இல்லை, புரோக்கரும் இல்லை. முதல் குறைக்கு எம்.எல்.ஏ.விடம் மனு கொடுங்கள், இரண்டாவதற்கு சந்தோஷப்படுங்கள்.

ஏரியூர்க்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வெள்ளை போர்டு பேச்சை விட்டுவிட்டேன். அக்கா சொன்னபடி கட்டிலில் இருந்து கட்டில் வரை என்றுதான் பேசப்போகிறேன், மாதக் கணக்கு, ஒரு செட்டுக்கு மூன்று பேர். என் மனைவியும் கூட வருகிறேன் என்கிறாள், பெண் நோயாளிகளைத் தூக்க இறக்க ஆள் வேண்டுமே. கடைசியாக ஒன்று: ஈகோவில் வீல்சேரோடு அப்படியே ஏற்ற ராம்ப் போடலாமா?

ஊத்தங்கரை_வண்டி:
வேண்டாம். சக்கர நாற்காலிக்கு 1-க்கு 12 சரிவு என்பார்கள், வண்டித் தளம் ஒன்றரை அடி உயரம் என்றால் ராம்ப் 18 அடி நீளம் வேண்டும், எங்கே வைப்பீர்கள்? தளத்தை வெட்டி மாற்றுவதற்கு ஆர்.டி.ஓ. ஒப்புதல் வேண்டும். தவிர, நாற்காலியை நாலு மூலையிலும் கட்டாமல் ஆளை அதிலேயே உட்கார வைத்து ஓட்டினால் ஒரு பிரேக்கில் கவிழ்ந்துவிடும். சீட்டுக்கு மாற்றி உட்கார வைத்து பெல்ட் போடுங்கள், நாற்காலியை மடித்துப் பின்னால் வையுங்கள். உங்கள் வீட்டம்மா வருவது நல்லது, அந்த மெஷின் பக்கத்துத் தம்பியிடம் இரண்டு பேருமே தூக்கும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முதலில் போவது உங்கள் முதுகு.

பாலக்கோடு_மருமகள்:
பாலக்கோடு பக்கம் எப்போது வருவீர்கள் தம்பி? எங்கள் தெருவிலேயே இன்னும் ஒருவர் செவ்வாய் வியாழன் சனி செட்டில் இருக்கிறார்.